நடுவில் விட்ட இடம்

ஜனவரி 6, திங்கள்

ரத்த அழுத்தம் இன்னும் இறங்கவில்லை. "மாத்திரை மட்டும் போதாதுங்க. கோபத்தைக் குறைங்க. முடியலைன்னா எழுதியாவது கொட்டுங்க" என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர் தாமோதரன் ஆபீசில் கொடுத்த புது டைரியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். "இதுல கத்து வாணி. எங்க காதுக்குக் கொஞ்ச நாள் லீவு குடு" என்றார். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியதற்குக் கிடைத்த மரியாதை.

சரி, இதில் கத்துகிறேன். ஈரோட்டில் ஒரு பெண்கள் கல்லூரியில் துணி வடிவமைப்புத் துறையில் பாடம் எடுக்கிறேன். துணியில் அச்சடிக்கிற டிசைனை எப்படிப் போடுவது என்பதன் அரிச்சுவடிதான் என் பாடம். மூன்றாமாண்டுப் பிள்ளைகளுக்கு ஏன் அரிச்சுவடி என்று யாரும் கேட்க வேண்டாம். முதலாண்டிலும் சொன்னேன், இரண்டாமாண்டிலும் சொன்னேன். காதில் வாங்கினால்தானே.

இன்று நைட்டித் துணிக்கு டிசைன். சௌபர்ணிகா கிளி போட்டிருந்தாள். அழகான கிளிகள்தான், ஆனால் எல்லாமே தலையை நிமிர்த்தி மேலே பார்த்துக்கொண்டு. மலிவு நைட்டிக்குத் தோளில் தையல் வைக்க மாட்டார்கள், துணியை அப்படியே மடித்து வெட்டிவிடுவார்கள். முன்பக்கம் நேராக உட்கார்ந்திருக்கும் கிளி, முதுகுப் பக்கம் தலைகீழாகத் தொங்கும். எத்தனை முறைதான் சொல்வது? மேஜை விரிப்பை உருவி என் தோளில் போட்டு, திரும்பி நின்று காட்டினேன்.

"பின்னாடி யாருங்க மிஸ் பாக்கப்போறாங்க? நைட்டி போட்டுட்டு வீட்டுக்குள்ளதான இருக்கறோம்" என்றாள்.

வகுப்பே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அவள் தாளை வாங்கி, பாதிக் கிளிகளை அழித்துத் தலைகீழாக நானே போட்டுக் கொடுத்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் இப்போது சரியாக இருக்கும். இதுகளுக்குச் சொல்லிப் புரியவைப்பதைவிட அது சுலபம்.

ஜனவரி 8, புதன்

நாலு துண்டு முறையை மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தேன். தொண்டை கட்டிவிட்டது.

இதில் என்ன கஷ்டம் என்று எனக்குப் புரியவில்லை. சதுரத் தாளின் நடுவில் எதையாவது வரைய வேண்டும், ஓரத்தைத் தொடக் கூடாது. தாளை நாலாக வெட்டி, எதிரெதிர்த் துண்டுகளை இடம் மாற்றி, பின்னால் டேப் ஒட்ட வேண்டும். வரைந்ததெல்லாம் இப்போது மூலைகளுக்குப் போய்விடும். நடுவில் வெள்ளையாக ஓர் இடம் கிடைக்கும். அந்த இடத்தை நிரப்புவதுதான் வித்தை. ஒழுங்காக நிரப்பினால், எத்தனை முறை அடுத்தடுத்து அச்சடித்தாலும் எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று கண்ணுக்குத் தெரியாது. இல்லாவிட்டால் துணி முழுக்கக் காலியாக ஒரு கோடு ஓடும். பிள்ளைகள் அதைச் சந்து என்கிறார்கள். பதினெட்டுப் பேர் தாளிலும் சந்து. சைக்கிளே விடலாம்.

ஜன்னலோரம் உட்காரும் இந்துஜா மட்டும் கை இருக்கிற பிள்ளை. அந்தியூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள், வகுப்பில் வாயைத் திறக்க மாட்டாள். புடலம்பூ வரைந்திருந்தாள். ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்திருக்கும் அந்தப் பூவை ஒரு பென்சிலால் இப்படிப் பிடிக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. அப்படிப்பட்டவள், நடுவிடம் வந்ததும் பென்சிலைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன கண்ணு, பாத்துட்டே இருக்கே?"

"எதைப் போடறதுன்னு யோசிக்கறனுங்க மிஸ்."

"நீ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள மணி அடிச்சுரும். தள்ளு."

மூன்று இலையும் ஒரு மொட்டும் போட்டுக் கொடுத்தேன். ஒரு தொடக்கத்துக்குத்தான்.

ஜனவரி 13, திங்கள். போகி

வீட்டை ஒழித்துச் சுத்தம் செய்தேன். அவர் மடித்து வைத்த போர்வைகளை எல்லாம் பிரித்து மறுபடி மடித்தேன். மனிதர் நுனிக்கு நுனி சேர்க்கவே மாட்டார்.

மகள் மிருதுளா ஒன்பதாம் வகுப்பு. ரெக்கார்டு நோட்டில் இதயம் வரைந்துகொண்டிருந்தாள். குனிந்து பார்த்தேன், அவ்வளவுதான். "அம்மா, கை" என்றாள். எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வார்கள். ஆரம்பித்து வைத்தவர் அவள் அப்பா, தான் தேய்த்த சப்பாத்தியை நான் மறுபடி தேய்த்த அன்றைக்கு. கையை எடு என்று முழுதாகச் சொல்லக்கூட இவர்களுக்குச் சோம்பல்.

நோட்டைத் தூக்கிக்கொண்டு ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இதயத்தின் இடது பக்கம் சின்னதாகிவிட்டது, மார்க் போகும். போகட்டும், எனக்கென்ன. சின்ன வயதில் சுவர் முழுக்கப் படம் வரைவாள். இப்போது பள்ளிக்கூடத்தில் கேட்டால் ஒழியப் பென்சிலையே தொடுவதில்லை. என்னவோ, விட்டுவிட்டாள்.

ஜனவரி 21, செவ்வாய்

ஒரு நல்ல செய்தி. பெருந்துறை சிப்காட்டில் இருக்கும் ஒரு பிரிண்டிங் மில் எங்கள் கல்லூரியிலிருந்து ஒரு பெண்ணை டிசைன் பிரிவில் எடுக்கப்போகிறதாம். ஒரே ஓர் இடம். அந்தப் பிரிவின் தலைவி ரெஜினா மேடம் அடுத்த மாதம் நேரில் வந்து எல்லோருடைய தாள்களையும் பார்ப்பார்.

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு இந்துஜா என் மேஜைக்கு வந்தாள்.

"மிஸ், அந்த மில்லுல நெசமாலுமே எடுப்பாங்களாங்க?"

"எடுக்காம என்ன, விருந்துக்கா வர்றாங்க? ஏன், போகணுமா?"

பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள். தாராபுரத்தில் இருக்கும் அக்காவுக்கு இரட்டைக் குழந்தைகள். அக்கா சித்திரையில் திரும்பவும் பேங்க் வேலைக்குப் போக வேண்டும். படிப்பு முடிந்து இவள் சும்மாதானே இருக்கப்போகிறாள், அங்கே போய்க் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று வீட்டில் பேசி முடித்துவிட்டார்கள்.

"எத்தன நாளைக்கு?"

"பசங்க ஸ்கூல் போற வரைக்கும்னு சொல்றாங்க மிஸ். வேலைன்னு ஒண்ணு கையில இருந்தா அப்பா ஒண்ணுஞ் சொல்ல மாட்டாருங்க. அது இல்லாம நா வாயத் தொறக்க முடியாது. எனக்குக் கொழந்தைங்க புடிக்கும்ங்க. ஆனா நா வரையோணும்ங்க மிஸ்."

இந்த மூன்று வருடத்தில் அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "நீ கவலப்படாத சாமி. அந்த எடம் உனக்குத்தான். நான் பாத்துக்கறேன்" என்றேன்.

ஜனவரி 30, வியாழன்

இந்துஜாவை நினைத்தால் எரிச்சலாக வருகிறது. பூவும் காயும் கொடியின் சுருளும் பிசகில்லாமல் போடுகிறாள். வெட்டுகிறாள், ஒட்டுகிறாள். நடுவிடம் வந்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்கிறாள். முன்பெல்லாம் யோசிக்கிறேன் என்றாவது சொல்வாள், இப்போது அதுவும் இல்லை. நான் வரும்போதே ஸ்டூலை எனக்காகத் தள்ளிப் போட்டுவிடுகிறாள்.

இப்படிச் சோம்பேறியாக இருந்தால் மில்லில் எப்படிக் காலம் தள்ளுவாள்? திட்டினேன். திட்டிவிட்டு இரண்டு இலை மட்டும் போடலாம் என்று உட்கார்ந்தேன். மணி அடிக்கும்போது நடுவிடம் முடிந்திருந்தது. சந்தே இல்லை. சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்த்தேன், எனக்கே பெருமையாக இருந்தது.

"நல்லாருக்குங்க மிஸ்" என்றாள். நல்லாத்தான் இருக்கும்.

பிப்ரவரி 7, வெள்ளி

என் மேஜைக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார்கள். ஆளுக்கொரு தாள், எல்லாத் தாளிலும் நடுவில் வெள்ளை. இதென்ன ரேஷன் கடையா என்று கத்தினேன். ஒன்றும் அசையவில்லை. டீ ஆறிப்போய்விட்டது.

பிப்ரவரி 12, புதன்

பதினெட்டுத் தாள்களும் சுவரேறிவிட்டன. கிளி, குடை, குழந்தைகள் போர்வைக்கு லாரி, காபி டம்ளர், இந்துஜாவின் புடலம்பூ. தள்ளி நின்று பார்த்தால் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி இருக்கின்றன. துறைத் தலைவர்கூட, "என்னங்க வாணி, இந்த வருசம் எல்லாம் ஒரே தரமா இருக்குது" என்றார். ஒரே தரம் சும்மா வருமா? எனக்குத் தோள்பட்டை கழன்றுவிட்டது.

லாரி டிசைனில்தான் கொஞ்சம் திண்டாட்டம். லாரிக்கும் லாரிக்கும் நடுவில் எதைப் போடுவது? இலை போட்டேன். ரோடு என்றால் ஓரத்தில் மரம் இருக்காதா.

பிப்ரவரி 19, புதன்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதாவிட்டால் வெடித்துவிடுவேன்.

ரெஜினா மேடம் வந்தார். என் வயதுதான் இருக்கும், கழுத்தில் கண்ணாடி தொங்குகிறது, வளவளவென்று பேசுவதில்லை. சுவரை ஒருமுறை பார்த்தார், இன்னொரு முறை பார்த்தார். "எல்லாத்தையும் கீழ எடுத்து மேஜையில பரப்புங்க" என்றார். பிறகு ஒரு பழுப்புக் கவரைக் கேட்டு வாங்கி, நடுவில் சதுரமாக ஓட்டை வெட்டினார். அதைக் கிளித் தாளின் மேல் வைத்தார். ஓரத்துக் கிளிகள் எல்லாம் மறைந்து நடுவிடம் மட்டும் தெரிந்தது. மூன்று இலை, வலது பக்கம் சாய்ந்த ஒரு மொட்டு. கவரைக் குடைத் தாளுக்கு நகர்த்தினார். மூன்று இலை, ஒரு மொட்டு. டம்ளர், அதே இலை. லாரி, அதே இலை, அதே மொட்டு, அதே சாய்வு.

"லாரிக்கு நடுவுல மொட்டு எதுக்கும்மா?" என்று கேட்டார். அந்தத் தாளுக்குரிய பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது.

"ஓரத்துல பதினெட்டுக் கை இருக்கு. நடுவுல ஒரே கை. யாரோட கை?"

"ஒரே க்ளாஸ்ல படிக்கற புள்ளைங்க, ஒரே மாதிரிதான் வரும்" என்றேன் நான். துறைத் தலைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு வியர்த்தது, ஃபேன் சுவிட்சைத் தேடிப் போனேன். ஃபேன் ஏற்கெனவே ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ரெஜினா மேடம் புடலம்பூத் தாளை எடுத்துக்கொண்டார். அதன் ஓரங்களை நீண்ட நேரம் பார்த்தார். இந்துஜாவைக் கூப்பிட்டு, புதிதாக ஒன்றை வரைந்து வெட்டி ஒட்டச் சொன்னார். கிடுகிடுவென்று செய்தாள். எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். நடுவிடம் வந்தது. பென்சிலைக் கீழே வைத்தாள். கையைக் கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்தாள்.

"பேப்பர் இங்க இருக்கு. அங்க என்ன பாக்கற?"

"மிஸ் வந்து முடிச்சுக் குடுப்பாங்கங்க" என்றாள்.

அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, அது எனக்குத் தெரியும். பஸ் வரும் என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள். ரெஜினா மேடம் என்னை ஏறிட்டுப் பார்த்தார். அந்த இடத்திலேயே தரை பிளந்திருக்கலாம்.

கார் வரைக்கும் கூடப் போனேன். "இந்த வருஷம் யாரும் வேண்டாம்னு எழுதிடறேன் மேடம்" என்றார். "இவங்க ரெண்டு வருஷமாத் தப்புத் தப்பாப் போட்டுப் போட்டுக் கத்துக்கிட்டிருக்கணும். அந்தத் தப்பை எல்லாம் நீங்க பண்ணவிடல." கதவைத் திறந்துவிட்டுத் திரும்பி, "உங்க கை நல்ல கை. நீங்க ஏன் எங்க பக்கம் வரல?" என்று கேட்டார்.

கேட்க வேண்டிய வயதில் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டு என்ன.

நான் என்ன செய்துவிட்டேன்? தப்பாகப் போட்டதைச் சரியாகப் போட்டேன். அதற்குத்தானே சம்பளம் கொடுத்து என்னை வைத்திருக்கிறார்கள்? உயிரைக் கொடுத்து உழைத்ததற்கு நடு வகுப்பில் இந்த அவமானம். அந்தப் பெண்ணுக்கும் ஒரு வார்த்தை யோசித்துப் பேசத் தெரியவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

தலைவலி. லீவு போட்டேன். பீரோவில் இருந்த துணிகளை எல்லாம் வெளியே எடுத்து மறுபடி மடித்து வைத்தேன்.

பிப்ரவரி 22, சனி

இந்துஜா நேற்று வகுப்பில் ஒரு கோடுகூடப் போடவில்லை. தாராபுரம் போவதற்கு வீட்டில் புது சூட்கேஸ் வாங்கிவிட்டார்களாம். சௌபர்ணிகா சொன்னாள். இந்துஜா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, மிஸ் என்று கூப்பிடக்கூட இல்லை.

பொறுக்க முடியாமல் இன்று ரெஜினா மேடத்துக்குப் போன் போட்டேன். பிள்ளை பயந்துவிட்டாள், இன்னொரு முறை பாருங்கள் என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. வேறு ஏதோ நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. வேறு என்ன சொல்வது? கடைசியில், "அவளோட கெட்டிக்காரத்தனத்துல குறையில்லைங்க. நான்தான் கூடக்கூட உக்காந்துட்டேன்" என்றேன்.

"வியாழக்கிழமை வர்றேன். நீங்க அந்த ரூம்ல இருக்கக் கூடாது."

பிப்ரவரி 27, வியாழன்

வெளியே நின்றேன். என் வகுப்பறைக்கு வெளியே நான், லேட்டாக வந்த பிள்ளை போல.

ஜன்னல் வழியாக அவள் முதுகு மட்டும் தெரிந்தது. நடுவிடத்துக்கு வந்துவிட்டாள் என்பது தோளைப் பார்த்தாலே தெரிந்தது. உட்கார்ந்திருந்தாள், உட்கார்ந்தே இருந்தாள். ஒருமுறை கதவுப் பக்கம் திரும்பினாள், நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். எனக்குக் கை நமநமவென்று இருந்தது. பிறகு அவள் தோள் அசைந்தது. போடுகிறாள். அழிக்கிறாள். திரும்பவும் போடுகிறாள். இவ்வளவு மெதுவாகவா போடுவது?

முடித்ததும் உள்ளே கூப்பிட்டார்கள். பார்த்தேன். ஒரு சின்னக் காயும் இரண்டு பூவும் போட்டிருக்கிறாள், பரவாயில்லை. ஆனால் கீழே இடது பக்கம் அப்பட்டமாகச் சந்து. அச்சடித்தால் துணி நெடுகக் கோணலாக ஓடும். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ரெஜினா மேடம் அந்தச் சந்தின் மேல் விரலை வைத்தார். "இது தெரியுதாம்மா?"

"தெரியுதுங்க. என்ன பண்றதுன்னு தெரியலீங்க."

"யோசி." தாளை என்னிடம் நீட்டினார். "கை தெரியுது. திங்கட்கிழமை மில்லுக்கு அனுப்புங்க. எங்க முதலாளி பாக்கணும். காலேஜ் முத்திரை வெச்சு, இதை இப்படியே குடுத்தனுப்புங்க."

இந்துஜா என்னைப் பார்த்துச் சிரித்தாள். இத்தனை நாளில் முதல் முறையாக.

மார்ச் 2, ஞாயிறு

துறைத் தலைவர் வெள்ளிக்கிழமை லீவு. நேற்றுச் சாயங்காலம்தான் முத்திரை கிடைத்தது. கல்லூரியில் வைத்தால் கரையான், எலி என்று ஆயிரம் இருக்கிறது. தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

காலையில் இட்லி ஊற்றிவிட்டு ஒருமுறை எடுத்துப் பார்த்தேன். குழம்பைத் தாளித்துவிட்டு இன்னொரு முறை. அந்தச் சந்து கண்ணை உறுத்துகிறது. ரெஜினா மேடத்துக்குக் கை தெரியும், முதலாளிக்கு என்ன தெரியும்? சந்துதான் தெரியும். யார் போட்ட டிசைன் இது என்று ஓரமாகத் தள்ளிவிடுவார். இவள் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு தாராபுரம் போவாள். அந்த இடம் உனக்குத்தான் என்று வாய் கொடுத்தவள் நான். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் நான் மனுஷியா?

இப்படியே குடுத்தனுப்புங்க என்றார். கசங்காமல், அழுக்காகாமல் என்றுதான் அர்த்தம்.

சாப்பிட்டு முடித்து மேஜையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். மிருதுளா தண்ணீர் எடுக்க வந்தாள்.

"யாரோடதும்மா அது?"

"ஒரு பொண்ணோடது."

கொஞ்ச நேரம் என் பென்சிலையே பார்த்தாள். "பாவம் அந்தப் பொண்ணு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கக் கூப்பிட்டேன், கதவு சாத்தும் சத்தம்தான் வந்தது.

லேசாகத்தான் போட்டேன். இந்துஜா அழுத்துகிற அளவுக்குத்தான் அழுத்தினேன். யாருக்கும் தெரியாது. சந்து போய்விட்டது. இப்போதுதான் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

மார்ச் 3, திங்கள்

இந்துஜா சீக்கிரமே வந்துவிட்டாள். நீலச் சுடிதார், தலை நிறையப் பூ. கவரை நீட்டினேன். "பத்தரமா வெச்சுக்க கண்ணு. பஸ்ல மடிச்சுறாத."

பிரித்துப் பார்த்தாள்.

இடது பக்கம் கீழே பார்த்தாள். வேறெங்கும் பார்க்கவில்லை, நேராக அங்கேதான் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை.

"இது என்ரது இல்லீங்க மிஸ்."

"உன்னுதுதான் கண்ணு. அந்த ஓரத்துல மட்டும் லேசா..."

"எனக்குத் தெரியும்ங்க மிஸ், அந்தச் சந்து எங்க இருந்துச்சுன்னு. மூணு நாளா அதையேதான் நெனச்சுட்டு இருந்தேன். சோறு திங்கும்போதுகூட. நேத்து மத்தியானம் கண்டுபுடிச்சுட்டேனுங்க." சத்தம் போடவில்லை. "அங்க எலையும் வேண்டாம், பூவும் வேண்டாம். மேல இருக்கற சுருளையே கொஞ்சம் நீட்டி உட்டாப் போதும்ங்க. இப்ப வந்து, உங்ககிட்டச் சொல்லிட்டு, உங்க முன்னாடியே போடலாம்னு இருந்தேன்."

சுருளை நீட்டினால் போதும். அவள் சொன்ன உடனே எனக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் சரி. எனக்குத் தோன்றவே இல்லை. நான் மூன்று இலையும் ஒரு மொட்டும் போட்டிருந்தேன்.

"நான் உன் நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்ங்க மிஸ்" என்றாள். அதை அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன்.

தாளை என் மேஜை மேல் வைத்தாள். அலமாரியைத் திறந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துச் சுருட்டிக்கொண்டாள். கத்தரிக்கோலையும் டேப்பையும் பையில் போட்டாள். என்னைக் கேட்கவில்லை. பெருந்துறை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

மதிய வகுப்பில் யார் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை.

மார்ச் 6, வியாழன்

ரெஜினா மேடம் போன் செய்தார். அவளை எடுத்துக்கொண்டார்கள். பரீட்சை முடிந்ததும் சேர வேண்டும்.

"பழைய ஷீட் எங்கன்னு கேட்டேன் மேடம். பஸ்ல தொலைச்சுட்டேன்னு சொன்னா. சரி, இங்கயே உக்காந்து போடுன்னு விட்டுட்டேன். மத்தியானம் வரைக்கும் போட்டா. முதலாளி ரெண்டு தடவ வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாரு. அங்கங்க இன்னும் சந்து இருக்கு, அதெல்லாம் வந்துரும்." பிறகு, "நெசமாவே தொலைச்சாளா?" என்று கேட்டார்.

"ஆமாங்க" என்றேன்.

எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷமில்லாமல் என்ன. தாராபுரத்துக்கு வேறு ஆள் பார்க்கிறார்களாம். வகுப்பில் எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்தாள். என் மேஜைக்கும் வந்து, "எடுத்துக்கோங்க மிஸ்" என்று டப்பாவை நீட்டினாள். எடுத்துக்கொண்டேன். நின்று ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன், அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

அவள் எனக்காகப் பொய் சொன்னது தெரியும் என்று எப்படிச் சொல்வது? மன்னிப்புக் கேட்பதெல்லாம் எனக்கு வராது. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் கை இல்லாமல் அவள் முதன்முதலாக முடித்த தாள். நான் போட்டதை மட்டும் அழித்துவிட்டு, சந்தோடு, அவள் போட்டபடியே அவளிடம் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. ரப்பரை எடுத்து மெதுவாகத் தேய்த்தேன். மொட்டு போனது. முதல் இலை போனது. அந்த இலைக்கு அடியில் ஓடிய அவளுடைய சுருளும் அதோடு சேர்ந்து போனது.